படியெடுத்துப் பயிலும் ஓவியம்

கலை எதுவாயினும், அதனைக் கற்கத் தொடங்குவோன் முதலில் பிறர் செய்ததைப் பின்பற்றியே செய்கிறான். குழந்தை, ஆசிரியர் மணலில் எழுதிய எழுத்தின்மேல் விரலை ஓட்டி எழுதப் பழகுகிறது. இசை பயில்வோன், ஆசிரியர் பாடிய சுரவரிசையை அவ்வாறே திருப்பிப் பாடுகிறான். சிற்பியின் மகன், தந்தை செதுக்கிய உருவத்தைப் பார்த்து உளி பிடிக்கக் கற்கிறான். இவர்களை யாரும் குறை கூறுவதில்லை. ஆனால், ஓவியம் பயிலும் ஒருவன் பழைய ஓவியம் ஒன்றின் முன் அமர்ந்து அதனைப் பார்த்து வரைவானாயின், "இவனுக்குச் சொந்தக் கற்பனை இல்லையோ? பிறர் படத்தை ஏன் வரைகிறான்?" என்று கேட்பார் பலர் உளர். இக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. எண்ணெய் வண்ணத்தால் மனித உருவத்தைத் தீட்டும் கலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, முன்னோர் ஓவியத்தைப் படியெடுத்துப் பயில்வது எவ்வாறு, அதனால் வரும் பயன் யாது, அதன் எல்லை எது என்பவற்றை இங்கே காண்போம்.

முதலில் எண்ணெய் வண்ணத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மண், கல், உலோகம், கரி, செடி முதலியவற்றிலிருந்து பெறும் வண்ணப் பொடியை, ஆளிவிதை எண்ணெய் அல்லது அக்ரூட் எண்ணெயில் குழைத்தால் எண்ணெய் வண்ணம் கிடைக்கும். நீர் வண்ணம், அதிலுள்ள நீர் ஆவியாவதால் உலர்ந்து விடுகிறது. எண்ணெயோ ஆவியாவதில்லை. அது காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகித் தோல்போல் ஆகிறது. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே சில நாள்கள் ஆகும். அடிவரை இறுகுவதற்குப் பல மாதங்கள் செல்லும். இந்தத் தாமதமே இதன் சிறப்பு. வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஒன்றை மற்றொன்றோடு இழைக்கலாம்; கன்னத்தில் விழும் ஒளி நிழலுக்குள் சிறிது சிறிதாக மறைவதைக் கோடு தெரியாமல் காட்டலாம். காய்ந்த பின்னர் அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணப் பூச்சொன்றைக் கொடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் வைத்த மணிபோல் நிறத்தை ஒளிரச் செய்யலாம்.

15ஆம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் நாட்டில் வாழ்ந்த யான் வான் ஐக் என்னும் ஓவியர் இம்முறையை மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்றார். அவர் 1433ஆம் ஆண்டில் தீட்டிய, சிவப்புத் தலைப்பாகை அணிந்த மனிதரின் உருவம் இன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அம்முகத்தில் மழித்த பின் முளைத்த மயிரின் நுனியும் தெரிகிறது. கண்ணின் ஈரமும் தெரிகிறது. ஏறக்குறைய 600 ஆண்டுகள் சென்ற பின்னும் அம்மனிதர் நம்மை நேரே நோக்குகிறார். இத்தகைய ஓவியத்தை முதன்முறை காணும் மாணவன், 'இஃது எவ்வாறு செய்யப்பட்டது?' என்று வியப்பது இயல்பே.

அவ்வியப்புக்கு விடை ஓவியத்திலேயே இருக்கிறது. ஆனால், மறைந்து இருக்கிறது. ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால், முதற்சீர் முன்னும் இறுதிச்சீர் பின்னுமாக வரிசை தோன்ற நிற்கிறது. பழைய ஏட்டைப் பார்த்து எழுதுவோன், ஆசிரியன் எழுதிய வரிசையிலேயே தானும் எழுதிச் செல்லலாம். ஓவியம் அவ்வாறன்று. அதில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கின்றன. கடைசியாகப் பூசிய வண்ணம் மேலே இருக்கிறது. முதலில் பூசியது அடியிலே கிடக்கிறது. சமைத்த உணவைக் கண்டு, எப்பொருள் முன்னே உலையில் இடப்பட்டது என்று உணர்வது எத்துணை அரிதோ, அத்துணை அரிது முடிந்த ஓவியத்தைக் கண்டு அதன் வேலை முறையை உணர்வது. படியெடுத்துப் பயில்வோன் செய்யவேண்டிய தொழில், மேலே தெரியும் உருவத்தைப் பெயர்த்து எழுதுவது மட்டுமன்று. எது முதலில் செய்யப்பட்டது, எது பின்னர் வந்தது, ஏன் அவ்வாறு வந்தது என்று கண்டறிந்து, அவ்வரிசையில் தானும் செய்து பார்ப்பதே அவன் தொழில்.

இவ்வுண்மையை நம் நாட்டு ஓவியர் ஒருவர் வாழ்க்கையும் விளக்குகிறது. கிளிமானூரில் 1848ஆம் ஆண்டில் பிறந்த இரவிவர்மா, இளமையில் திருவனந்தபுரம் அரண்மனையில் தங்கி ஓவியம் பயின்று வந்தார். 1868ஆம் ஆண்டில் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரின் உருவங்களைத் தீட்ட அங்கு வந்தார். அவர் இரவிவர்மாவை மாணவராக ஏற்றுக் கற்பிக்கவில்லை; தாம் தீட்டும்போது அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார். இளைஞர் அந்தச் சிறு வாய்ப்பையே பெரிதாகக் கொண்டார். எந்த வண்ணத்தை முன்னே எடுக்கிறார், எதனோடு எதனைக் கலக்கிறார், எப்போது நிறுத்துகிறார் என்று கண்ணால் கற்று, தனித்திருந்து கையால் பழகினார். 1873ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவருடைய ஓவியம் முதற்பரிசு பெற்றது. முடிந்த படத்தைப் பார்ப்பதைவிட, படம் முடிகின்ற முறையைப் பார்ப்பது எத்துணைப் பயன் தருவது என்பதை இதனால் அறியலாம். ஆனால், நூறாண்டுகளுக்கு முன் மறைந்த ஓவியரின் அருகே நாம் சென்று அமர இயலாது. அவர் தீட்டிய படத்தைப் படியெடுப்பதே அவர் அருகில் அமர்வதற்கு நமக்குள்ள வழியாகும்.

ஐரோப்பிய நாடுகளில் இவ்வழி மிகப் பழையது. இத்தாலி நாட்டுச் சென்னினோ சென்னினி என்பவர், 1400ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஓவியத் தொழிலைப் பற்றி நூலொன்று எழுதினார். அதில், மாணவன் பலரை மாறி மாறிப் பின்பற்றாமல், சிறந்த ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்து நாள்தோறும் அவர் ஓவியத்தையே பார்த்து வரைய வேண்டும் என்று அறிவுரை கூறினார். பலரைப் பின்பற்றுவோன் ஒருவர் முறையையும் முழுதும் அறியான். ஒருவரை ஆழ்ந்து பின்பற்றுவோன் நாளடைவில் தன் முறையைத் தானே காண்பான் என்பது அவர் கருத்து. 1793ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து லூவர் அரண்மனை பொதுமக்களுக்குரிய காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டபோது, ஓவியர்கள் அங்கே அமர்ந்து படியெடுப்பதற்கென்றே தனி நாள்கள் ஒதுக்கப்பட்டன.

இனி, ஒரு மாணவன் இப்பயிற்சியை மேற்கொள்ளும் முறையைப் படிப்படியாகக் காண்போம். ஆலந்து நாட்டு ரெம்பிராண்டு, தாம் இறந்த 1669ஆம் ஆண்டில், 63 வயதில், தம் உருவத்தைத் தாமே தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. அதுவும் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. முதியவர் ஒருவர் இரு கைகளையும் கோத்தவண்ணம், இருண்ட பின்புலத்திலிருந்து நம்மைப் பார்க்கிறார். வேறு அணியோ ஆடம்பரமோ அதில் இல்லை. அவ்வோவியத்தை மாணவன் தேர்ந்துகொண்டதாக வைத்துக்கொள்வோம்.

அவன் முதலில் செய்யவேண்டியது தூரிகையைத் தொடாதிருத்தல். ஓரிரு நாள்களேனும் வெறும் கண்ணோடு படத்தின்முன் இருக்க வேண்டும். ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது? மிக வெளிச்சமான இடம் எது? மிக இருண்ட இடம் எது? முகத்தின் விளிம்பு எங்கே கூர்மையாகத் தெரிகிறது, எங்கே பின்புலத்தோடு கரைந்து மறைகிறது? இவற்றிற்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று. கண்களைச் சற்றே சுருக்கிப் பார்த்தால் சிறுசிறு நுணுக்கங்கள் மறைந்து, ஒளியும் நிழலுமாகிய பெரும்பகுதிகள் மட்டும் தோன்றும். அப்பெரும்பகுதிகளே ஓவியத்தின் எலும்புக்கூடு.

அடுத்து, வரைதல். முகத்தின் அளவுகள் தவறினால் வண்ணம் அதனைக் காப்பாற்றாது. தலையின் உச்சிக்கும் மோவாயின் அடிக்கும் ஏறக்குறைய நடுவிலேதான் கண்கள் அமைகின்றன. பழகாதவர் இதனை உணராமல் கண்களை நெற்றிக்கு மேலேற்றி வரைந்து விடுவர். கொத்தனார் சுவரின் நேர்மையைத் தூக்குக்குண்டால் பார்ப்பதுபோல, ஓவியனும் ஒரு நூலைத் தொங்கவிட்டு, கண்ணின் முனைக்கு நேர்கீழே வாயின் எப்பகுதி வருகிறது என்று பார்க்கலாம். மூலத்தின்மேல் கட்டங்கள் இருப்பதாகக் கொண்டு, தன் துணியில் அவ்வாறே கட்டமிட்டு வரைவதும் உண்டு. வரைந்ததைக் கண்ணாடியில் பார்த்தால், அதுவரை கண்ணுக்குப் பிடிபடாத கோணல்கள் சட்டென்று தோன்றிவிடும்.

பிறகு, கித்தான் துணியைப் பற்றி எண்ண வேண்டும். வெள்ளைத் துணியில் நேரே வண்ணம் தீட்டத் தொடங்குவது இக்காலத்தார் பலர் வழக்கம். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் பெரும்பாலோர் துணிக்கு முதலில் பழுப்போ சாம்பலோ ஆகிய இடைநிறம் ஒன்றைப் பூசிக் காயவிட்டனர். இதன் காரணம் எளியது. வெள்ளையின்மேல் எந்த நிறமும் இருண்டே தோன்றும். இடைநிறத்தின்மேல் வைத்தாலோ, எது ஒளி, எது நிழல் என்பது உடனே விளங்கும். மேலும், சில இடங்களில் அந்த அடிநிறத்தையே வெளியில் தெரியுமாறு விட்டு, அதனையே நிழலாகப் பயன்கொள்ளலாம்.

அதன்பின் பழுப்பு நிறம் ஒன்றாலேயே முகம் முழுவதையும் ஒளியும் நிழலுமாகத் தீட்டிக்கொள்ள வேண்டும். இதனை அடிப்பூச்சு என்பர். அடிப்பூச்சில் முகம் உயிர்பெறாவிடில், அதன்மேல் எத்தனை வண்ணம் சேர்த்தாலும் உயிர் வாராது. அடிப்பூச்சு காய்ந்தபின்தான் மேனி நிறத்தைத் தொடங்குதல் வேண்டும்.

மேனி நிறத்துக்குப் பல வண்ணங்கள் வேண்டும் என்று மாணவன் எண்ணுவான். பழைய ஓவியர்களின் வண்ணத் தட்டோ மிகச் சிறியது. ஈய வெள்ளை, மஞ்சட்காவி, செங்காவி, சாதிலிங்கம், பழுப்பு மண், எலும்புக்கரி ஆகிய இச்சிலவற்றைக் கொண்டே அவர்கள் முகத்தின் பெரும்பகுதியைத் தீட்டினர். கன்னத்தோரம் நீலம் கலந்ததுபோல் தோன்றும் இடத்தில் நீலம் இல்லாமலே இருக்கலாம். கரியும் வெள்ளையும் கலந்த சாம்பல் நிறம், செம்மையான மேனி நிறத்தின் அருகே அமர்ந்தால், கண்ணுக்கு நீலமாகத் தோன்றும். ஒரு நிறத்தின் தோற்றம் அதன் அண்டை நிறத்தைப் பொறுத்தது என்னும் இவ்வுண்மையை நூலில் படித்து அறிவதைவிட, படியெடுக்கும்போது தன் கையால் கண்டறிவது ஆழமாகப் பதியும். ஈய வெள்ளை நஞ்சுடையது; ஆதலால் இன்று பயில்வோர் அதற்கு மாறாக டைட்டேனியம் வெள்ளையைப் பயன்படுத்துவது நல்லது.

இனி, ரெம்பிராண்டின் முறையில் குறிப்பிடத்தக்க ஒன்று உண்டு. அவர் நிழலை மெல்லியதாகவும் ஒளியைத் தடித்ததாகவும் தீட்டினார். நெற்றியிலும் மூக்கின்மேலும் வண்ணம் மேடாக நிற்கிறது. அம்மேடு அறையிலுள்ள உண்மையான வெளிச்சத்தையே தாங்கி மின்னுகிறது. நிழற்பகுதியிலோ வண்ணம் மெல்லியதாய்ப் பரந்து, ஆழத்துக்குள் பார்வையை இழுக்கிறது. அச்சிட்ட படத்தில் இவ்வேறுபாடு தோன்றாது. அதில் எல்லாம் ஒரே மட்டமாக இருக்கும். ஆகவே, அச்சுப்படத்தைப் பார்த்துப் படியெடுப்பவன், இயன்றபோதெல்லாம் உண்மையான எண்ணெய் வண்ண ஓவியம் எதையேனும் நேரில் சென்று, பக்கவாட்டில் நின்று, அதன் மேடுபள்ளங்களைக் கண்டு வருதல் வேண்டும்.

பூச்சுகளின் வரிசையில் தவறாமல் காக்கவேண்டிய விதியும் உண்டு. அடியிலுள்ள பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே செல்லச் செல்ல மிகுதியாகவும் இருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த பூச்சு மெல்லக் காயும். குறைந்தது விரைந்து காயும். விரைந்து காய்வது மேலே அமைந்தால், அது இறுகிய பின்னும் அடிப்பூச்சு அசைந்துகொண்டே இருக்கும். அதனால் மேற்பரப்பு வயல் வெடிப்பதுபோல் வெடித்து விடும். இன்னும் ஒன்று: எண்ணெய் துடைத்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடலாகாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் பிறக்கும். குவிந்த கந்தலில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றுவதும் உண்டு. கந்தல்களை விரித்து உலர்த்துதல் வேண்டும். அன்றேல் நீரில் இட்டு வைத்தல் வேண்டும்.

கண்மணியின் ஒளிப்புள்ளி, மூக்கின் நுனியில் விழும் மின்னல், உதட்டின் ஈரம் ஆகியவை எல்லாவற்றிற்கும் கடைசியில் வரவேண்டியவை. பொறுமையற்ற மாணவன் முதல் நாளே கண்ணில் ஒளியை வைக்க விரும்புவான். வீடு கட்டுமுன் விளக்கேற்றுவது போன்றது அவன் செயல். ஒளிப்புள்ளி எவ்வளவு பொருளுடையது என்பது, அதற்கு முன் செய்த வேலையைப் பொறுத்தது.

இவ்வாறு செய்து வரும்போது ஐயங்கள் பல எழும். அவற்றுள் சில, அறிஞர்களின் ஆராய்ச்சியால் தீர்கின்றன. மேற்கூறிய ரெம்பிராண்டின் ஓவியத்தை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, கோத்த கைகளுக்கு அடியில் வேறு கைகள் தென்பட்டன. ஓவியர் முதலில் தம் கைகளைத் தூரிகை பிடித்த நிலையில் வரைந்திருந்தார். பின்னர் அதனை மாற்றிக் கோத்த கைகளாக ஆக்கினார். கை தேர்ந்தவரும், 63 வயதிலும், தாம் செய்ததை மறுபடி எண்ணிப் பார்த்து மாற்றினார் என்பது மாணவனுக்கு எத்துணை ஊக்கம் தரும் செய்தி!

காலம் செய்த மாற்றத்தையும் கருதுதல் வேண்டும். வெர்மீர் என்னும் ஆலந்து ஓவியர் 1665ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய 'முத்துத் தோடு அணிந்த பெண்' உலகப் புகழ் பெற்றது. 44.5 சென்டிமீட்டர் உயரமும் 39 சென்டிமீட்டர் அகலமுமே உடைய அச்சிறு படத்தை எண்ணற்றவர் படியெடுத்துள்ளனர். பெண்ணின் பின்னால் இருப்பது கரிய வெளி என்றே அவர்கள் தீட்டினர். ஆனால், 2018ஆம் ஆண்டில் அதன்மேல் தொடங்கிய விரிவான ஆராய்ச்சியில், அது பச்சைத் திரை என்பது தெளிவாயிற்று. கரிய அடிப்பூச்சின்மேல் அவுரி நீலமும் ஒருவகைச் செடியின் மஞ்சளும் கலந்த மென்பூச்சை வெர்மீர் கொடுத்திருந்தார். நூற்றாண்டுகள் கழிய, அந்நிறங்கள் மங்கிப்போயின. ஆகவே, கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் ஓவியரின் கருத்தென்று கொண்டுவிடலாகாது. செல்லரித்த ஏட்டைப் படியெடுப்போன், பூச்சி செய்த துளையையும் புள்ளியென்று எழுதினால் எவ்வாறு முடியும்? பழைய மெருகெண்ணெய் மஞ்சளித்துப் போனதை ஓவியரின் பொன்னிறம் என்று மயங்குவதும் அத்தகையதே.

இதுவரை கூறியது முறை. இனி, இம்முறையால் என்ன விளையும் என்று காண்போம். இத்தாலி நாட்டு ரபேல் 1514, 1515ஆம் ஆண்டுகளை ஒட்டி, தம் நண்பராகிய காஸ்டிலியோனே என்னும் அறிஞரின் உருவத்தைத் தீட்டினார். அவ்வோவியம் இன்று லூவரில் உள்ளது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து ரூபன்ஸ் என்னும் பெரிய ஓவியர் அதனை எண்ணெய் வண்ணத்திலேயே படியெடுத்தார். ரூபன்ஸ் ஓவியக் கலையில் பெரும்புகழ் பெற்றவர். புகழ் வந்த பின்னும் அவர் படியெடுப்பதை விட்டாரில்லை. 1628, 1629ஆம் ஆண்டுகளில் தம் ஐம்பது வயதைக் கடந்த நிலையில் மாட்ரிட் நகரில் இருந்தபோது, டிஷியன் என்னும் முன்னோரின் ஓவியங்களை அமர்ந்து படியெடுத்தார்.

அதே காஸ்டிலியோனே உருவம் 1639ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏலத்துக்கு வந்தது. ரெம்பிராண்டு அங்கே சென்றிருந்தார். அதனை வாங்கும் பொருள் அவரிடம் இல்லை போலும். அது 3500 கில்டருக்கு விலைபோயிற்று. அவர் மைக்கோலால் விரைந்து அதன் உருவத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டு, அதன் விலையையும் அத்தாளிலேயே குறித்து வைத்தார். அத்தாள் இன்றும் வியன்னா நகரத்து ஆல்பர்ட்டினா கூடத்தில் இருக்கிறது. மறு ஆண்டு, 1640இல், தம் 34ஆம் வயதில், தம் உருவத்தைத் தாமே தீட்டினார். உடலைப் பக்கவாட்டில் திருப்பி முகத்தை நம்மை நோக்கி வைத்த அந்த அமைதியான இருக்கை ரபேலை நினைவூட்டுகிறது. முன்னே சாய்த்த கையோ டிஷியனின் ஓவியம் ஒன்றை நினைவூட்டுகிறது. ஆயினும், முகம் ரெம்பிராண்டின் முகம். ஒளி ரெம்பிராண்டின் ஒளி. அதனைக் கண்டு 'இஃது ரபேலின் படம்' என்று யாரும் மயங்கார்.

நன்னூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவர். முதல்நூலின் கருத்தோடு ஒத்து, பின்வந்த ஆசிரியன் வேண்டும் வேறுபாடுகளையும் தன்னகத்தே கொண்டது வழிநூல். வழிநூல் செய்வோன் முதல்நூலைக் களவு செய்தவனாகான். அதனைக் கற்றுத் தன் காலத்துக்கு வேண்டியவாறு மேலும் கொண்டுசெல்பவன் ஆவான். ரெம்பிராண்டின் செயல் அத்தகையது.

19ஆம் நூற்றாண்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்கப் பெற்றோருக்குப் பிளாரன்சு நகரில் 1856ஆம் ஆண்டில் பிறந்த ஜான் சிங்கர் சார்ஜெண்ட், பாரிசில் ஓவியம் பயின்றார். 1879ஆம் ஆண்டில் மாட்ரிட் நகருக்குச் சென்று, பிராடோ காட்சிக்கூடத்தில், வெலாஸ்குவெஸ் என்பவர் 1656ஆம் ஆண்டில் தீட்டிய 'லாஸ் மெனினாஸ்' என்னும் பேரோவியத்தைச் சிறிய அளவில் படியெடுத்தார். இளவரசியும் பணிப்பெண்களும் ஆழ்ந்த இருண்ட அறையொன்றில் நிற்கும் ஓவியம் அது. மூன்றாண்டு கழித்து, 1882இல், ஒரு குடும்பத்தின் நான்கு பெண்மக்களை இருண்ட பெரிய அறையொன்றில் ஆங்காங்கே நிற்கவும் இருக்கவும் செய்து சார்ஜெண்ட் ஓர் ஓவியம் தீட்டினார். அது பாஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்துக்கு உரியது. 2010ஆம் ஆண்டில் அது பிராடோவுக்கு வரவழைக்கப்பெற்று, 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தின் அருகே சில மாதங்கள் வைக்கப்பெற்றது. எந்த ஓவியத்தின்முன் மாணவனாக அமர்ந்திருந்தாரோ, அதன் அருகிலேயே 131 ஆண்டுகளுக்குப்பின் அவர் ஓவியம் இடம்பெற்றது! கல்விக்கு இதனினும் சிறந்த பரிசு வேறு யாது?

ஆயினும், இதே அறிவு தீய வழியிலும் செல்லக்கூடும். ஆலந்து நாட்டில் வான் மீகரென் என்றோர் ஓவியர் இருந்தார். அவர் பழைய முறைகளையெல்லாம் நுணுகிக் கற்றவர். பழைய துணியைத் தேடி வாங்கினார். அதன்மேல் இருந்த வண்ணத்தைச் சுரண்டி எடுத்தார். வெர்மீர் வரைந்தது போன்ற புதிய படங்களைத் தீட்டினார். வண்ணம் முந்நூறாண்டு இறுகியதுபோல் தோன்றும்பொருட்டுச் செயற்கைப் பிசின் கலந்து அடுப்பில் வைத்துச் சூடேற்றினார். அவற்றுள் ஒன்று 1937ஆம் ஆண்டில் ராட்டர்டாம் நகரத்துக் காட்சிக்கூடத்துக்கு வெர்மீரின் ஓவியம் என்றே விற்கப்பட்டது. மற்றொன்று ஜெர்மானியத் தலைவர்களுள் ஒருவராகிய கோரிங்கின் கைக்குச் சென்றது. போர் முடிந்தபின் 1945இல், நாட்டின் செல்வத்தைப் பகைவனுக்கு விற்றார் என்று அவரைச் சிறைப்படுத்தினர். அப்போதுதான் அவர், 'அது வெர்மீரின் ஓவியம் அன்று. யானே வரைந்தது' என்று கூறி, காவலர் முன்னிலையில் அத்தகைய படம் ஒன்றைத் தீட்டியும் காட்டினார். 1947ஆம் ஆண்டு நவம்பரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்று, அவ்வாண்டு டிசம்பர் இறுதியிலேயே இறந்தார். கையில் திறம் இருந்தது. ஆனால், அதைக்கொண்டு அவர் ஈட்டிய பெயர் பொய்யன் என்பதே.

படியெடுப்பவனுக்கும் போலி செய்பவனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு கைத்திறத்தில் இல்லை, நோக்கத்தில் இருக்கிறது. முன்னவன், 'இஃது இன்னார் ஓவியத்தின் படி' என்று வெளிப்படக் கூறுகிறான். பின்னவன் அதனை மறைக்கிறான். இதனால்தான் லூவரில் படியெடுக்க இசைவு பெறுவோர், மூலத்தின் அளவினின்று ஐந்தில் ஒரு பங்கேனும் வேறுபட்ட அளவில் வரைய வேண்டும் என்றும், மூல ஓவியரின் கையொப்பத்தைப் பெயர்த்தெழுதலாகாது என்றும் விதி வகுத்துள்ளனர். நம் மாணவனும் தன் படத்தின் பின்புறத்தில் மூல ஓவியர் பெயரையும், தன் பெயரையும், ஆண்டையும் எழுதி வைத்தல் வேண்டும். கற்றவரிடம் கடன்பட்டோம் என்று சொல்வதில் இழிவொன்றும் இல்லை. சொல்லாது மறைப்பதே இழிவு.

படியெடுத்தல் முடிந்தபின் மாணவன் செய்யவேண்டிய செயல் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதுவே அவனுக்கு உண்மையான தேர்வு. தான் வரைந்த படியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தன் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரைச் சாளரத்தின் அருகே அமரச் செய்து, அவர் முகத்தைத் தீட்டத் தொடங்க வேண்டும். அப்போது அவன் ஆலந்து நாட்டு இருளையும் பொன்னிறத்தையும் பாட்டியின் முகத்தில் பூசுவானாயின், அவன் கற்றது மேற்றோல் மட்டுமே. நம் வெயில் வேறு; நம் மாநிறமும் கருநிறமும் வேறு; சாளரத்தினின்று வந்து செம்மண் தரையில் பட்டு, மோவாயின் அடியில் மேலெழும் ஒளியும் வேறு. ஒளி எங்கிருந்து வருகிறது, விளிம்பு எங்கே கரைகிறது, சாம்பல் நிறம் எதன் அருகே நீலமாகிறது, எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்று அவன் தானே வினவித் தானே விடை காண்பானாயின், அவன் முன்னோரைக் கற்றவன் ஆவான்.

மாணவர்களே! ஓவியத்துக்குக் கூறிய இது, நீங்கள் பயிலும் எல்லாக் கல்விக்கும் பொருந்தும். பெரியோர் எழுதிய கட்டுரையைப் பார்த்து எழுதினால், அவர் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அச்சொற்களை அவர் ஏன் அவ்வரிசையில் வைத்தார் என்று எண்ணுங்கள். கணக்கின் விடையைக் காண்பதோடு நில்லாமல், அவ்விடைக்கு வந்த வழியைக் காணுங்கள். பிறர் நடந்த பாதையில் சில காலம் நடப்பது, நம் கால்கள் வலிமை பெறுவதற்கே. வலிமை பெற்ற கால்கள், பாதை முடியும் இடத்துக்கு அப்பாலும் நடக்கும். அவ்வாறு நடக்கும்போதும், முதலில் வழிகாட்டியவர் பெயரை மறவாது கூறுவதே கற்றவர்க்கு அழகு.